மான் தின்ற பின்னல்

என் தலைமுடியை நான் இரண்டு தடவை இழந்திருக்கிறேன். முதல் தடவை கத்தரிக்கோலிடம். இரண்டாம் தடவை ஒரு மானிடம். முதலாவதுக்கு நான் மட்டும்தான் பொறுப்பு. இரண்டாவதுக்கு எங்கள் குடும்பம் முழுவதும் பொறுப்பு, கோணேசர் கோயில் வழியில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் உட்பட. (அவர் ஒன்றும் செய்யவில்லை. சிரித்தார். அது போதாதா?)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களின் பத்திர வேலைகளைப் பார்க்கும் சின்னக் கந்தோர் ஒன்றில் வேலைக்கு இருந்தேன். கப்பல் உள்ளே வந்ததும் வள்ளத்தில் போய், பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறி, கப்டனிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். முதல் வாரம் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஏணியில் பாதி ஏறியபோது தலைப்பு ஒரு திசைக்குப் போனது, பின்னல் இன்னொரு திசைக்குப் போனது, ஃபைல் கடலுக்குப் போனது.

கந்தோர் முதலாளி கிண்ணியாக்காரர். நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் கோபப்படவில்லை. "மகள், நாளைக்கு டெனிம் போட்டுட்டு வாங்க," என்றார். "நீங்க விழுந்தா உங்கட வாப்பாக்கு நான் பதில் சொல்லலாம். ஃபைல் விழுந்தா கொழும்புக்கு யாரு பதில் சொல்ற?"

ஆகவே டெனிம் வந்தது வேலையால். முடி வெட்டியதும் வேலையால்தான் என்று பத்துப் பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன். உண்மை வேறு. ஒரு கப்பலில் இரண்டாம் அதிகாரியாக ஒரு பெண் வந்திருந்தாள். காது தெரிய வெட்டிய முடி, இரண்டு கையும் காற்சட்டைப் பைக்குள். தலையைத் துவட்ட அவளுக்கு ஒரு கைக்குட்டை போதும் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் மூன்று நாள் தூங்க விடவில்லை. நான்காம் நாள் பியூட்டி பாலரில் போய் உட்கார்ந்தேன்.

பாலர் அக்கா மூன்று தரம் கேட்டா. "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"தெரிஞ்சும் விட்டவவோ?"

வெட்டி முடிந்ததும் இடுப்பளவு பின்னலை ரப்பர் பட்டி போட்டுக் கட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கையில் தந்தா. "கொண்டுபோய் அம்மாட்டைக் குடுங்கோ. இது என்ர கடையில கிடந்தா நாளைக்கு என்னைத் தேடி வருவா."

அம்மா அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினா. அழவில்லை. சீயக்காய் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, எண்ணெய் தொட்டு, திரும்பப் பின்னி, பூச்சி உருண்டை போட்டு அலுமாரியில் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினா. அதன் பிறகு ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் வாயைத் திறந்தா: "கப்பலில ஏறத் தலைமயிர் ஏன் வெட்டோணும்? கப்பல் என்ன உன்ர தலையிலயோ ஏறுது?"

ஊரும் கதைத்தது. எனக்கு அதில் கோபமே வந்ததில்லை. ஆட்கள் சொல்லும் சொல்லைப் பொறுக்கி வைப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அந்த வருடம் நல்ல விளைச்சல். ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் வந்த ஒருவர், "தம்பி, சிக்னல் லைற் எரியுது!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்த்தார். "ஐயோ, தங்கச்சியோ?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எண்டாலும் லைற் எரியுதுதானே," என்றார். இதைவிட நியாயமான மனிதரை நான் பிறகு சந்திக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரீச்சர், "பிள்ளைக்கு நேத்தியோ? கோயிலுக்கு முடி குடுத்ததோ?" என்று கேட்டா. அம்மா அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டா. "ஓம் ஓம், நேத்திதான். கதிர்காமத்துக்கு." நான் மாதம் தவறாமல் முடியைக் கத்தரித்துக்கொண்டே இருந்ததால் அந்தப் பொய்க்கு ஆயுள் குறைவு. ஒரு வருடம் கழித்து ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "முருகன் இன்னும் விடுறாரில்லையோ?"

இந்த இடத்தில் என் அக்காவைச் சொல்ல வேண்டும். கௌரி அக்கா, என்னைவிட நான்கு வயது மூத்தவ. இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நிலம் பார்த்த நடை. மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தா. "கௌரியைப் பார்த்துப் பழகு," என்பது எங்கள் வீட்டில் காலை வணக்கம் மாதிரி.

அந்தக் கௌரியைப் பார்த்துப் பழகியிருந்தால் நான் என்ன பழகியிருப்பேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் மூதூர் பஸ்ஸில் அக்கா ஏறும் இடத்துக்கு அடுத்த தரிப்பில் சுதன் என்றொருவர் ஏறுவார். மூதூரில் விவசாயக் கந்தோரில் வேலை. அக்கா ஜன்னல் ஓரம். அவர் அதற்குப் பின் சீற். இப்படி மூன்று வருடம். கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்க மாட்டார்களாம். பாலம் தாண்டியதும் தொடங்கினால் மூதூர் வரைக்கும் ஓயாதாம்.

சுதனுக்குத் தாய் இல்லை. ஈச்சிலம்பற்றில் இருக்கும் பெரியம்மாதான் வளர்த்தவ. வயலும் மாடுமாக வாழ்ந்தவ. அவவின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சுதன் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. பஸ் காதல் என்று தெரிந்தால் அவ கதவைச் சாத்திவிடுவா. ஆகவே இரண்டு பேரும் பெரிய தந்திரம் ஒன்று செய்தார்கள். சுதன் தானே ஒரு கலியாணப் புரோக்கரைப் பிடித்து, அக்காவின் சாதகக் குறிப்பை அவர் பைக்குள் வைத்து, அதைப் பெரியம்மாவிடம் காட்ட வைத்தார். பொருத்தம் பத்துக்கு எட்டு. எல்லாம் நல்லபடியாகப் போனது, என் தலை குறுக்கே வரும் வரை.

பெரியம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்: "மூத்தது தங்கம். இளையது பொடியன் மாதிரிக் காற்சட்டையோட துறைமுகத்தில திரியுதாம்." பெரியம்மா புரோக்கரிடம் சொல்லி அனுப்பினா: "தங்கச்சியையும் பாக்கோணும். இளையதை அடக்காத வீடு மூத்ததை எப்பிடி வளத்திருக்கும்?"

அன்று பின்னேரம் அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தா. என்னிடம் ஒன்றும் கேட்காத பிறவி. "தர்சி, ஒரே ஒரு நாள்," என்றா. "இது பிழைச்சுதெண்டா அவர் என்னைப் பாக்கமாட்டார். பஸ்ஸில வேற சீற்றில போய் இருப்பார். பெரியம்மா சொன்னா அப்பிடித்தான் செய்வார்." குரல் உடையவில்லை. ஆனால் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தா. நான் என்ன செய்ய? "ஓம்," என்றேன்.

அம்மா அலுமாரியைத் திறந்தா. ஒரு வருடமாக இந்த நாளுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது அவவின் முகம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணை முதல் முதல் கோயிலில்தான் காட்டுவது. இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பது போல ஒரு நடிப்பு. நாள், நேரம், எந்த மரத்தடி என்பது வரை புரோக்கர் சொல்லியிருப்பார். ஆனாலும், "அட, நீங்களும் பூசைக்கோ!" என்று வாயைப் பிளக்க வேண்டும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று போய்விடலாம் அல்லவா, அதற்காக.

வெள்ளிக்கிழமை காலை. என் பின்னலை என் தலையிலேயே பதினொரு கொண்டை ஊசிகளால் அம்மா குத்தினா. இணைப்புத் தெரியாமல் இருக்க மல்லிகைச் சரம் நாலு சுற்று. கனகாம்பரம் ஒரு சுற்று. நுனியில் ரிப்பன். பிறகு சேலை. அதை நான் டெனிமுக்கு மேலே கட்ட வைத்தேன். (பதினொரு மணிக்கு ஒரு கப்பல். கோயில் முடிந்ததும் சேலையை உருவி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டால் வேலைக்குப் போகலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.)

இனி நான் சொல்லப்போவது திருகோணமலை ஆட்களுக்கு ஏற்கெனவே விளங்கியிருக்கும். கோணேசர் கோயிலுக்குப் பழைய கோட்டைக்குள்ளால் ஏறிப் போக வேண்டும். கோட்டைக்குள் மான்கள் ஆடுமாடு மாதிரித் திரியும். ஆட்களுக்குப் பயமில்லை. வாழைப்பழம் தின்னும், கடலை சுற்றிய காகிதச் சரை தின்னும், அர்ச்சனைத் தட்டில் கை வைக்காத குறையாக எல்லாம் தின்னும். பூவென்றால் உயிர். எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் தலை நிறையப் பூவோடு அந்த வழியில் மானுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டாள். நான் ஒரு வருடமாகத் தலையில் பூ வைக்காததால் அந்தப் பாடத்தை மறந்துபோயிருந்தேன்.

மரத்தடியில் பெரியம்மா நின்றா. உயரம், கறுப்பு, கையில் மடக்கிய குடை. பக்கத்தில் சுதன், இஸ்திரி போட்ட வேட்டியில், இஸ்திரி போட்ட முகத்தோடு.

"அட, நீங்களும் பூசைக்கோ!" என்றா அம்மா.

"ஓம், சும்மா வந்தனாங்கள்," என்றா பெரியம்மா. அறுபது கிலோமீற்றர் சும்மா வந்திருக்கிறா.

அக்காவும் சுதனும் ஒருவரை ஒருவர் முதல் முதல் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அந்த நடிப்புக்கு நான் பத்துக்கு மூன்று கொடுப்பேன். பெரியம்மாவின் கண் அக்காவில் கொஞ்சம் நின்று, என்னிடம் வந்து, என் பின்னல் வழியே இறங்கி, நுனியில் நின்றது.

"இதுவோ இளையது? காற்சட்டைப் பிள்ளை எண்டு சொன்னாங்கள்?"

"ஊர்ச்சனம் பலதும் சொல்லும் அக்கா," என்றா அம்மா.

"பாத்தா அடக்கமாத்தான் இருக்குது," என்றா பெரியம்மா. அக்கா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. நான் இன்னும் அடக்கமாக இருப்போம் என்று நினைத்து, தலையை நன்றாகக் குனிந்தேன். குனிந்ததால் பின்னல் ஒரு பக்கமாகத் தொங்கியது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ என்னை மெதுவாக இழுத்தார்கள்.

அக்காதான் கூப்பிடுகிறா என்று நினைத்தேன். "பொறு," என்றேன். திரும்பவும் இழுப்பு. தலை லேசானது. பதினொரு ஊசியும் ஒன்றன் பின் ஒன்றாகக் கழன்ற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண் மான். அதன் வாயில் மல்லிகைச் சரம். சரத்தின் கீழே என் பின்னல் தரையில் இழுபட்டது. அது என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.

கடலைக்காரர் சிரித்தார் என்று முதலே சொன்னேன் அல்லவா, அது இப்போதுதான்.

யாரும் ஒன்றும் விளங்கிக்கொள்ள முதல் பெரியம்மா கத்தினா. "பிடி, பிடி! ரிப்பனோட விழுங்குது! வயித்துக்குள்ள சுத்தினா மான் செத்துப்போகும்!" மாடு வளர்த்தவ. மற்றதெல்லாம் அவவுக்குப் பிறகுதான். மான் ஓடியது. நான் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு துரத்தினேன். டெனிம் போட்ட கால் அந்த வேளையில் நன்றாகவே ஓடியது. மதில் மூலையில் மானை மடக்கிக் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். பெரியம்மா குடையை எறிந்துவிட்டு ஓடி வந்தா.

"மூக்கைப் பிடி பிள்ளை! விடாதை!"

"பிடிச்சிட்டன் மாமி!"

"கெட்டிக்காரி! இப்ப அமத்து!"

தாடைக்குள் விரலை விட்டு, சரத்தையும் ரிப்பனையும் பின்னலையும் முழம் முழமாக வெளியே இழுத்தா. மான் எங்களை முட்டிவிட்டு ஓடியது. இரண்டு பேரும் வெற்றியோடு சிரித்தோம். பிறகு பெரியம்மா தன் கையில் இருந்ததைப் பார்த்தா. என் தலையைப் பார்த்தா. என் காலைப் பார்த்தா.

சிரிப்பு நின்றது.

"இது என்ன?"

அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தா. "அது அவளின்ர தலைமயிர்தான் அக்கா."

"தலையில இல்லையே?"

"முந்தி இருந்தது."

"அப்ப இது பொய்ப் பின்னல்."

"ஐயோ, பொய் இல்லை! சத்தியமாச் சொந்த மயிர். இடம்தான் கொஞ்சம் மாறிக் கிடக்குது." (அம்மா சட்டத்துறைக்குப் போயிருக்க வேண்டியவ.)

பெரியம்மா பின்னலை உதறினா. எச்சில் தெறித்தது. "இளையதுக்குப் பொய் வைச்ச வீடு, மூத்ததுக்கு என்ன வைச்சிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே விறுவிறென்று மரத்தடிக்கு நடந்தா. அங்கே அக்கா வெளுத்துப்போய் நின்றா. பெரியம்மா அவவின் பின்னலை நடுவில் பிடித்தா. மாட்டுக் கயிற்றைச் சோதிப்பது போல ஒரு இழுவை.

"ஆ!" என்றா அக்கா.

"இன்னும் ஒருக்கா," என்றா பெரியம்மா.

அப்போதுதான் சுதன் வாயைத் திறந்தார். பெரியம்மா கேட்காமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் வசனம் அதுதான். "இழுக்காதேங்கோ பெரியம்மா! அது உண்மையான தலைமயிர். எனக்குத் தெரியும்!"



பெரியம்மா பின்னலை விடாமலே மெதுவாகத் திரும்பினா. "உனக்கெப்பிடித் தெரியும்?"

சுதன் வானத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கடலைக்காரரைப் பார்த்தார். அம்மா அக்காவைப் பார்த்தா. எனக்கு ஓடிப் போய் மானோடு நிற்கலாம் போல இருந்தது. மூன்று வருடத்துப் பஸ், புரோக்கர், பத்துக்கு எட்டுப் பொருத்தம், எல்லாம் என் தலையோடு சேர்ந்து கழன்று விழுந்துவிட்டது.

நிலத்தைப் பார்த்து நடக்கும் கௌரி அக்கா தலையை நிமிர்த்தினா. பின்னல் இன்னும் பெரியம்மாவின் பிடியில்தான் இருந்தது. "மூண்டு வருஷமா ஒரே பஸ் மாமி. ஜன்னல் பக்கம் நான். பின் சீற்றில அவர். காத்துக்கு என்ர பின்னல் அவரின்ர முகத்திலதான் விழும்." ஒரு மூச்சு எடுத்தா. "நான்தான் முதல் கதைச்சனான்."

அந்தக் கடைசி வசனம் தேவையே இல்லை. யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரியம்மா பிடியை விட்டா. முதலில் அவவுக்கு வந்த கவலை வேறு. "அப்ப அந்தப் புரோக்கர் என்ர வீட்டில நாலு நாள் இருந்து கோழிக்கறி திண்டது சும்மாவோ?"

பிறகு எங்களை மாறி மாறிப் பார்த்தா. என் சேலை இடுப்பில் செருகியபடி, டெனிம் முழுக்கப் புழுதி, கன்னத்தில் மான் எச்சில். அக்கா கஞ்சிச் சேலையில், ஒரு மடிப்புக் கலையாமல்.

"இந்தக் காற்சட்டைக்காரியில எனக்கு ஒரு பயமும் இல்லை," என்றா என்னைக் காட்டி. "இவளிட்டை இருக்கிறது எல்லாம் வெளியில தெரியுது." பிறகு அக்காவைக் காட்டினா. "பொல்லாதது இதுதான்."

சுதனைக் கேட்டா. "இவளைத்தான் கட்டுவியோ?"

"ஓம் பெரியம்மா."

"நான் ஏலாது எண்டா?"

நாங்கள் எல்லோரும் அந்தப் பதிலுக்கு நின்றோம். சுதன் தொண்டையைச் செருமினார். "வேற சீற்றில என்னால இருக்க ஏலாது பெரியம்மா," என்றார். அந்தப் பஸ்ஸில் போகாத பெரியம்மாவுக்கு அது விளங்கியிருக்காது. அக்காவுக்கு விளங்கியது. அழுதா.

பெரியம்மா கோயிலுக்குள் போய்விட்டா. அரை மணித்தியாலம். நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம். என் கப்பல் நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்தவ நேரே அக்காவிடம் போய் நெற்றியில் விபூதி பூசினா, கொஞ்சம் அழுத்தமாகவே. பிறகு மான் மென்ற பின்னலை என் கையில் திணித்தா. "கழுவி வை. கலியாணத்துக்கு இதை வைச்சுக்கொண்டு வந்தா நான் பந்தியில இருக்கமாட்டன். உன்ர தலையோடயே வா."

அப்படியே போனேன். கலியாண அல்பத்தில் அக்காவுக்குப் பின்னால் நிற்பவரை யார் பார்த்தாலும் மாப்பிள்ளைத் தோழன் என்றுதான் கேட்பார்கள்.

சுதன் அத்தானுக்கு அன்று முதல் விமோசனம் இல்லை. அவர் எதை உறுதியாகச் சொன்னாலும் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். "இண்டைக்கு மழை வரும்," என்பார். "உனக்கெப்பிடித் தெரியும்?" என்போம். கறிக்கு உப்புக் காணாது என்பார். "உனக்கெப்பிடித் தெரியும்?" அவருடைய மகளே பேச்சுப் பழகியபோது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ பழகிய வசனம் இது.

போன வருடம் கௌரி அக்கா, நாற்பது தாண்டிய பள்ளிக்கூட அதிபர் அம்மா, யாருக்கும் சொல்லாமல் போய்த் தன் முடியைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தா. காரணம் கேட்டோம். "தலை துவட்ட நேரமில்லை," என்றா. அவ்வளவுதான். அம்மா பத்திரிகைத் தாளும் பூச்சி உருண்டையும் எடுத்து வந்தா. அலுமாரியில் இப்போது இரண்டு பின்னல் இருக்கிறது. ஒன்று மட்டும், மான் தின்றதால், நாலு விரல் கட்டை.

அந்தக் கிழமையே பெரியம்மா வந்தா. வயது எண்பதுக்குக் கிட்ட. ஆனாலும் வாசலில் வைத்தே எல்லோருடைய தலையையும் ஒருக்கால் இழுத்துப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. என்னுடையதை இழுத்தா, சரி. பிறகு பழக்கத்தில் அக்காவின் முதுகுப் பக்கம் கையை நீட்டினா. கை வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. மேலே பார்த்தா.

"கௌரி, இதென்ன பிள்ளை? இது உன்ர தலைதானோ?"

அக்கா வாயைத் திறக்க முதல், உள்ளே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அத்தான், பாவம், பழைய நினைவில் குரல் கொடுத்துவிட்டார். "ஓம் பெரியம்மா, அவவின்ர தலைதான். எனக்குத் தெரியும்!"

நாங்கள் எல்லோரும் ஒரே மூச்சில் அந்தக் கேள்வியைக் கேட்டோம்.